நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

ஜூன் 3, திங்கள்

மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்தின் மேலே என் நெறியாளர் சிவசைலம் சார் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "இன்னும் பக்குவமில்லை. பிறகு பார்க்கலாம்." கீழே கையெழுத்தும் இன்றைய தேதியும். நூற்றுப் பதினாறு பக்கத்துக்கு நான்கு சொல்.

எந்த இடம் பக்குவமில்லை என்று கேட்க நினைத்தேன். சார் தொலைபேசியை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். இந்த நான்கு வருடங்களில் அவரிடம் கேட்காமல் வந்த கேள்விகளைத் தொகுத்தால் என் ஆய்வேட்டைவிடப் பெரிதாக வரும்.

ஜனவரியில் கிடைத்த இந்த டைரி மே வரை காலியாகக் கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். பேசத் தெரியாதவளுக்கு எழுதவாவது தெரியட்டும்.

ஜூன் 5, புதன்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. கல்லூரி நூலகத்திலேயே முகம் கழுவிக்கொண்டேன்.

பக்குவமில்லாத அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பழைய கதைப்பாடல்களில் வரும் கொடியவர்களை ஒப்பிடுவதுதான் அதன் வேலை. இரண்டு பேர்தான் முக்கியம். ஒருத்தி பொன்னிழை சரித்திரத்தில் வரும் அரசி நீலவதி. மூத்தாள் மகனின் கண்ணைக் குருடாக்க மருந்து அரைக்கிறாள். அரைக்கும்போது மூன்று முறை கை நடுங்குகிறது. மூன்று முறையும் கவி அதற்குத் தனிப்பாட்டு வைத்திருக்கிறார். இன்னொருவன் எயினங்கோட்டை அம்மானையில் வரும் அதிராயன். கோட்டை வாசலின் காவல் தலைவன். பகைவர் படைக்குக் கதவைத் திறந்துவிட்டவன். திறப்பதற்கு முன் கதவில் தலை சாய்த்து அழுகிறான். எதற்காக அழுதான், எதற்காகத் திறந்தான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது.

எங்கள் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. நகல் எடுத்தால் முதுகு உடையும் என்று கையால்தான் எழுதவிடுகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் நான்கு அடி இல்லை. என்னால் அப்படியே விட்டுவர முடியவில்லை. அதே ஓசையில் நானே நான்கு அடி எழுதிப் பார்த்தேன்.

கதவே திறவென்பார் கதவே அடையென்பார்
பதினா றாண்டாகப் பேர்சொல்வார் யாருமில்லை
குதிரைக்கும் யானைக்கும் கொற்றவனார் பேரிட்டார்
எதிரேநின் றேனெனக்கோர் பேரில்லை எந்நாளும்

அத்தியாயத்தில் இதைச் சேர்த்து, அடியில் ஒரு குறிப்புப் போட்டேன். நாற்பத்தொன்றாம் குறிப்பு: "மூலத்தில் இப்பகுதி சிதைந்துள்ளது. மேற்கண்ட அடிகள் ஆய்வாளரின் ஊகம். சான்றாகக் கொள்ளத்தக்கன அல்ல."

ஒருவேளை இதுதான் பக்குவமில்லாத இடமோ.

ஜூன் 17, திங்கள்

சாருடைய தேர்வுத்தாள் கட்டுகளுக்குக் கூட்டல் பார்த்தேன். இருநூற்று நாற்பது தாள். என்னைவிட இரண்டு வருடம் மூத்த ஆய்வாளர் மரியபுஷ்பம் அக்காவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். "நாம முனைவர் பட்டம் வாங்குதமோ இல்லையோ, கூட்டல் நல்லா வந்துரும்" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, "ஏளா, ஒங்க சார் நல்லாருக்காவளா?" என்றாள். அம்மாவுக்கு சார் என்றால் சாமி. அப்பா இறந்தபோது இரண்டு பஸ் மாறி வந்து, பீடி இலை பரத்திக் கிடந்த தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் அவர். "பிள்ளைய மேல படிக்க வைங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னவர். அது பொய்யில்லை. இடம் வாங்கித் தந்தார், விடுதிக்குக் கடிதம் தந்தார்.

இதை இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு எழுத மனம் வராமல் போகலாம்.

ஜூன் 28, வெள்ளி

சார் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கையில் தந்தார். "அச்சகத்துல இருந்து மெய்ப்பு வந்துருக்கு. நீ பிழை பாத்துக் குடுத்துரு பிள்ள. ஒனக்குத்தான் கண்ணு கூர்மை."

வஞ்சகர் நெஞ்சம். முனைவர் சிவசைலம் எழுதியது. நூற்று எழுபது பக்கம். முதல் ஐம்பது பக்கம் அவருடைய பழைய வானொலிப் பேச்சுகள். மிச்சம் முழுவதும் என் மூன்றாம் அத்தியாயம். ஒரு சொல் மாறவில்லை. "ஆய்வாளர்" என்று நான் எழுதியதுகூட அப்படியே இருக்கிறது. நான் தவறாகப் போட்டிருந்த ஒரு காற்புள்ளிகூட அதே இடத்தில் நிற்கிறது.

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. திரும்பி வந்தேன்.

ஜூன் 29, சனி

துணி துவைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

கேட்டுவிட்டேன். பாதிதான்.

"சார், இந்த அத்தியாயம்..." என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஆமா. ஒன் குறிப்பெல்லாம் ரொம்ப உதவியா இருந்துச்சு. நல்லா உழைச்சிருக்க" என்றார்.

"அப்ப என் ஆய்வேட்டுல?"

"அதிராயன விட்டுரு. நீலவதிய மட்டும் வச்சுப் புதுசா ஒண்ணு எழுதிக்கிடு. புத்தகம் வந்த பெறகு நீ இதையே உள்ள வச்சேன்னா மென்பொருள்ல போட்டதும் திருட்டுன்னு காட்டிரும். ஒனக்குத்தான் கெட்ட பேரு. ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன் பிள்ள."

என் ஆய்வேட்டிலிருந்து நான் திருடியவள் ஆகிவிடுவேனாம். மார்ச்சில் என் காலக்கெடு முடிகிறது. புதிதாக ஓர் அத்தியாயத்துக்கு இனி நேரமில்லை. அதிராயன் இல்லாமல் என் ஆய்வும் இல்லை. நான்கு வருடமும் போனது என்றுதான் அர்த்தம்.

நான் "சரிங்க சார்" என்றேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் சொன்னதையல்ல. நான் சொன்ன அந்த "சரிங்க சார்".

மரியபுஷ்பம் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேராசிரியர் பதவி உயர்வுக்கு சாருக்கு ஒரு புத்தகம் குறைகிறதாம், செப்டம்பர் கடைசிக்குள் வேண்டுமாம். "சவத்த விடு பேச்சி. என்னோடது கட்டுரையாப் போச்சு, ஒன்னோடது புத்தகமாப் போகுது. ஒனக்கு மவுசு கூடத்தான்" என்றாள். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஜூலை 9, செவ்வாய்

மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று பிழை. சார் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பினார்.

ஒரு விஷயம். அதிராயன் சொல்லும் அந்த நான்கு அடிக்குக் கீழே என் குறிப்பு இல்லை. தட்டச்சில் விட்டுப்போயிருக்கும் போல. சாரும் கவனிக்கவில்லை. நூலகத்துக்குள் அவர் வந்து பத்து வருடம் இருக்கும்.

விரலில் சிவப்பு மை. தேய்த்தும் போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

நூலகத்தில் ஒரு பழைய ஆய்விதழில் மூன்று வரிச் செய்தி கண்ணில் பட்டது. எயினங்கோட்டை அம்மானையின் முழுப் பிரதி ஒன்று மதுரையில் ஒரு தமிழாசிரியர் வீட்டில் இருக்கிறதாம். அவருடைய மகளும் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் தில்லைநாயகி.

நல்ல ஆய்வாளராக இருந்தால் நான் இன்றே மதுரைக்கு பஸ் ஏறி, அந்த நான்கு அடியைப் பார்த்து எழுதி வந்திருக்க வேண்டும். நான் போகவில்லை. மாலை சார் வெளியீட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எல்லோரையும் கேட்டார். பெண் பேராசிரியர் ஒருவர் இருந்தால் மேடை நிறைவாக இருக்கும் என்றார்.

பொதுவாக நான் வாய் திறப்பதில்லை. இன்று திறந்தேன். "மதுரையில தில்லைநாயகின்னு ஒரு அம்மா இருக்காங்க சார். கதைப்பாடல்ல பெரிய ஆளு."

"அடடே. பாரேன், நம்ம பிள்ளையும் பேசுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜூலை 9இல் நான் எழுதியது பொய். டைரியில் யாருக்காகப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

குறிப்பு மெய்ப்பில் இருந்தது. எண்பத்து நான்காம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், தெளிவாக இருந்தது. அதன் மேல் கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கச் சொல்லும் சுழியைப் போட்டேன். பகல் பன்னிரண்டு மணி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை நீக்கினால் அடுத்தது முன்னால் வர வேண்டும். நாற்பத்திரண்டை நாற்பத்தொன்று ஆக்கினேன். நாற்பத்து மூன்றை நாற்பத்திரண்டு. இப்படி அறுபத்தேழு வரை ஒவ்வோர் எண்ணாக அடித்து எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. கோபத்தில் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கோபம் இருபத்தாறு எண் மாற்றும் வரை தாங்காது.

நீலவதிக்கு மூன்று முறை கை நடுங்கியது. எனக்கு ஒரு முறைகூட இல்லை. எழுத்து அழகாக வந்திருந்தது.

கொடியவர்களுக்கு உள்ளே ஒரு போர் நடக்கும், அதுவே அவர்களை மனிதராக்கும் என்று என் அத்தியாயத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். போர் எதுவும் நடக்கவில்லை. நன்றாகப் பசித்தது. புளிசாதம் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

புத்தகங்கள் வந்துவிட்டன. கட்டுகளைப் பிரித்து அடுக்குவதற்கு சார் வீட்டுக்குப் போனேன். முன்னுரையின் கடைசியில் என் பெயர் இருக்கிறது: "மெய்ப்புத் திருத்திய மாணவி பேச்சியம்மாளுக்கும் என் வாழ்த்துகள்." நான் பேச்சித்தாய். சார் நான்கு வருடமாக என் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டவர்.

சாரின் மனைவி சாப்பிடாமல் விடவில்லை. சொதியும் இஞ்சித் துவையலும். "என்ன பிள்ள, எலும்பா இருக்க" என்று கூடக் கொஞ்சம் சோறு வைத்தார். பதவி உயர்வு வந்தால் குலசாமி கோயிலில் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருக்கிறாராம், நானும் வர வேண்டுமாம். சோறு தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். போர் என்று சொன்னேனே, நடந்தது என்றால் இவ்வளவுதான் நடந்தது. ஒரு டம்ளர் தண்ணீர்.

சிறப்பு விருந்தினருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னார் சார். நானே தபாலில் சேர்த்தேன். உறையில் போடும் முன், பையில் கிடந்த அம்மாவின் பீடி நூலில் ஒரு சாண் அறுத்து, எண்பத்து நான்காம் பக்கத்தில் அடையாளமாக வைத்தேன். இளஞ்சிவப்பு நூல்.

செப்டம்பர் 12, வியாழன்

நாளை விழா. மேடைக்கு வாழை கட்டினோம். நாளைக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆறாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பச்சை மையில் எழுதிய அந்த முதல் பக்கத்தை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

தில்லைநாயகி அம்மா எழுபது வயது. வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை. முதலில் புத்தகத்தைப் பாராட்டினார். அதிராயனைப் பற்றிய பகுதி தமிழில் இதுவரை யாரும் எழுதாதது என்றார். என் காது சூடானது. பிறகு இளஞ்சிவப்பு நூல் வைத்த பக்கத்தைப் பிரித்தார். அந்த நான்கு அடியை ராகம் போட்டே பாடினார். பின்வரிசைப் பையன்கள்கூடச் செல்போனை வைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டு என்று நினைத்து ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்தார்.

"ரொம்ப நல்ல பாட்டு" என்றார் அம்மா. "ஆனா எங்க அப்பா பிரதியில இது இல்லையே."

துணிப்பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தார். அதே பக்கம், முழுதாக. வாசித்தார்.

ஏழு பொதிபொன்னும் இருகாணி நன்செய்யும்
வாழ ஒருவீடும் வாசலிலே தேர்க்காலும்
நாளை விடிந்தாலே நமதென்று சொன்னாரே
தோளிற் சுமந்தவனும் துரையாவேன் என்றானே

சார் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "உங்களுக்கு அந்த நாலு அடி எங்க கிடைச்சுது ஐயா?" என்று கேட்டார்.

சார் சிரித்தார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் வரிசைகளைத் தேடினார். "மூலத்தப் பாத்து எழுதினது நம்ம மாணவி ஒருத்திதான். சின்னப் பிள்ள, தெரியாமப் பண்ணிருக்கும். ஏ பேச்சியம்மா, எந்திரி. என்னத்த எழுதி வச்ச?"

சிரிப்பு எழுந்தது. யாரோ என் கையில் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து திணித்தார்கள். நான் இதைத் திட்டமிடவில்லை. உட்கார்ந்து பார்ப்பதுதான் திட்டம்.

"என் பேரு பேச்சித்தாய்" என்றேன். என் குரல் அரங்கத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது எனக்கே பழக்கமில்லாத குரல். "அந்த நாலு அடிய எழுதுனது நான். அது வர்ற அத்தியாயம் முழுசா எழுதுனதும் நான். மார்ச்ல சார்கிட்ட குடுத்தேன். ஜூன் மூணாந்தேதி பக்குவமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தாங்க."

பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். முதல் வரிசையிலிருந்த கல்லூரி முதல்வர் கையை நீட்டி வாங்கினார். பச்சை மை தூரத்திலிருந்தே தெரியும்.

அத்துடன் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் சார் முகத்தைப் பார்த்தேன். அதில் பயத்தைவிடக் குழப்பம்தான் கூட இருந்தது. நல்ல பாதையில் போய்க்கொண்டிருந்தவர் கல் தடுக்கி விழுந்தது போன்ற முகம். இன்று இரவு வீட்டில், "என்னமோ என் கெட்ட நேரம்" என்று மனைவியிடம் சொல்லுவார். அந்த முகத்தோடு அவரைப் போகவிட எனக்கு மனமில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். "அந்த அடி என் ஊகம், சான்று கெடையாதுன்னு கீழ குறிப்புப் போட்டிருந்தேன். நாப்பத்தொண்ணாவது குறிப்பு. அது மெய்ப்பு வரைக்கும் இருந்துச்சு. அத எடுத்தது நான்தான் சார். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவருக்கு இப்போது புரிந்தது. அது புரிந்த நேரத்தை நான் முழுதாகப் பார்த்தேன். பிறகு ஒலிபெருக்கியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் வாழைமரம் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்திக் கட்டினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பீடிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது மட்டும், "ஏளா, அவுக நம்ம வீட்டுத் தரையில உக்காந்தவுக" என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

விசாரணைக் குழு. மூன்று பேர், ஒரு ஜாடித் தண்ணீர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அச்சகத்திலிருந்து மெய்ப்பை வரவழைத்திருந்தார்கள். சிவப்பு மையில் என் சுழியும் இருபத்தாறு எண்களும். தலைவர் புரட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லாருக்கு" என்றார்.

நவம்பர் 4, திங்கள்

முடிவு வந்துவிட்டது. புத்தகம் திரும்பப் பெறப்படுகிறது. சாருக்குப் பதவி உயர்வு இல்லை, துறைத் தலைமையும் போகிறது, மூன்று வருடம் புதிய ஆய்வாளர்களை எடுக்கக் கூடாது. எனக்கு எழுத்து மூலம் கண்டிப்பு, வேறு நெறியாளர், ஆறு மாதக் கூடுதல் காலம். அதிராயன் எனக்கே. ஆனால் நான் எழுதிய நான்கு அடி ஆய்வேட்டில் எந்த வடிவத்திலும் இடம்பெறக் கூடாது.

கடிதத்தில் ஒரு வரி: "மாணவி தம் தவற்றை அரங்கிலேயே நேர்மையாக ஒப்புக்கொண்டதைக் கருத்தில் கொண்டு." மரியபுஷ்பம் அக்கா அந்த வரியை மூன்று முறை வாசித்தாள். அவளும் தன் கட்டுரையைப் பற்றிப் புகார் எழுதுகிறாள். "ஒன் நேர்மையப் பாத்துத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு மூதி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 18, திங்கள்

தில்லைநாயகி அம்மாவுக்குப் போன் செய்தேன். பொன்னுக்காகத்தான் கதவைத் திறந்தான் என்றால் அதற்கு முன் ஏன் அழுதான் என்று கேட்டேன். "அழுதுட்டே வாங்கிக்கிறவங்க இல்லையாம்மா? அழுகைய அழுகையா வையி, பொன்னப் பொன்னா வையி. ஒண்ணக் கொண்டு ஒண்ணக் கழுவாத" என்றார்.

என் அத்தியாயத்தில் பாதி விழுந்துவிட்டது. அதிராயனுக்குக் காயம் கொடுத்தது நான்தான். கவி அவனுக்கு ஏழு பொதி பொன்னைத்தான் கொடுத்திருந்தார். சிவசைலம் சாருக்கும் ஏதாவது பழைய காயம் இருக்கும் என்று சில நாள் தேடிப் பார்த்தேன். ஒரு பதவி உயர்வுதான் அகப்பட்டது. என் நான்கு அடிகளின் மேல் கோடு இழுத்து ஓரத்தில் சுழி போட்டேன். இந்த முறை கை நடுங்கியது.

மதியம் மாடிப்படியில் சார் எதிரே வந்தார். இளைத்திருந்தார். ஒதுங்கி நின்றேன். இரண்டு படி இறங்கிப் போனவர் நின்றார்.

"பேச்சித்தாய்" என்றார்.

நான்கு வருடத்தில் முதல் முறை.

"அந்தக் குறிப்ப நீதான் எடுத்தேன்னு சொல்லாம இருந்திருந்தா யாரும் மெய்ப்பத் தேடிருக்க மாட்டாவ. ஒனக்குக் கண்டிப்பும் வந்திருக்காது. ஏன் சொன்ன?"

என்னிடம் பதில் இருந்தது. அவர் முகத்தில் மறுபடியும் அந்தக் குழப்பம் வந்திருந்தது. ஒருவேளை அவரும் அதை நேர்மை என்று நினைக்கத் தொடங்கியிருக்கலாம். "தெரியல சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

இங்கே எழுதிவைக்கிறேன். எல்லோரும் நான் அன்று ஒப்புக்கொண்டேன் என்கிறார்கள். ஒரு வேலையை முழுதாகச் செய்து முடித்தவர்கள் கடைசியில் என்ன செய்வார்களோ, அதைத்தான் செய்தேன். கீழே என் பெயரை எழுதினேன்.